தடை நீங்கியது; தறி நின்றது

ஒரு தேசத்தின் உற்பத்தி குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நாம் சாதாரணமாக என்ன காரணத்தைத் தேடுவோம்? மழை பொய்த்திருக்க வேண்டும்; அல்லது வெள்ளம் பயிரை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்; அல்லது யுத்தம் மூண்டு ஆலைகளின் மேல் குண்டு விழுந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் நேராமல், ஆலைகள் நின்ற இடத்திலேயே நிற்க, தொழிலாளிகள் கைத்திறமையோடு இருக்க, நிலக்கரியும் எண்ணெயும் பூமிக்கடியில் இருந்தபடியே இருக்க, உற்பத்தி மட்டும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து போனால் அதற்கு என்ன பெயர் கொடுப்பது?

1990-ம் வருஷம் தொடங்கிப் பத்து வருஷ காலம் கிழக்கு ஐரோப்பாவிலும் ருஷ்யாவிலும் இந்த விசித்திரம்தான் நடந்தது. ருஷ்யாவின் மொத்த உற்பத்தி 1990-க்கும் 1998-க்கும் இடையில் நூற்றுக்குச் சுமார் 40 குறைந்தது. உக்ரேனில் 1999-க்குள் நூற்றுக்கு 60 வரையில் போயிற்று. 1929-ல் அமெரிக்காவில் தோன்றி உலகத்தையே உலுக்கிய பெரு மந்தத்தைப் பற்றி இன்னும் புஸ்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மந்தத்தின் அடித்தளத்திலே கூட அமெரிக்கா இழந்தது நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகந்தான். அதுவும் நாலு வருஷத்தில் திரும்பிவிட்டது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இந்த வீழ்ச்சி ஒரு விடுதலைக்குப் பின்னால் வந்தது. சர்க்காரின் கட்டளைப்படி எல்லாம் நடந்த முறை ஒழிந்து, இஷ்டப்படி வாங்கலாம், விற்கலாம், தொழில் தொடங்கலாம் என்று ஏற்பட்ட உடனே வந்தது. அணையைத் திறந்தால் தண்ணீர் பாயும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அணையைத் திறந்தார்கள், வாய்க்கால் வறண்டது. ஏன்?

பழைய யந்திரம்

இதை அறிய வேண்டுமானால் பழைய யந்திரம் எப்படி ஓடியது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1921-ல் மாஸ்கோவில் ஏற்பட்ட கோஸ்பிளான் என்ற திட்டக் காரியாலயந்தான் அதன் மூளை. எந்த ஆலை எவ்வளவு செய்ய வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும், என்ன விலை என்பதெல்லாம் மேலிருந்து இறங்கி வரும் கட்டளைகள். ஆலை மானேஜர் வாடிக்கைக்காரரைத் தேட வேண்டியதில்லை. சரக்கு விற்றதா என்ற கவலை அவருக்கு இல்லை. திட்டத்தில் கண்ட தொகை நிறைவேறியதா என்பதே கவலை. தொகையை டன் கணக்கில் குறித்தால் சாமான் கனமாக வரும். எண்ணிக்கையில் குறித்தால் சிறிதாக வரும். நஷ்டம் வந்தால் சர்க்கார் ஈடு செய்யும்.

ஹங்கேரி தேசத்துப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் 1980-ல் எழுதிய நூலில் இந்த முறையைப் பற்றாக்குறையின் பொருளாதாரம் என்று வர்ணித்தார். கையில் பணம் இருக்கும். கடையில் சாமான் இராது. கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்னும் சிறிய மோட்டார் வண்டிக்குப் பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். வரிசையில் நிற்பது அங்கே வாழ்க்கையின் ஒரு பாகம்.

ஆனாலும் அந்த யந்திரம் ஓடியது என்பதை மறக்கக் கூடாது. அதன் ஒரு பல் மற்றொரு பல்லோடு பொருந்தியிருந்தது. பல சாமான்களைச் செய்வதற்குத் தேசம் முழுவதற்கும் ஒன்றிரண்டு ஆலைகளே இருந்தன. உஸ்பெகிஸ்தானத்தில் விளைந்த பருத்தி ருஷ்யாவின் இவானோவோ நகரத்து ஆலைகளுக்கு வந்து துணியாயிற்று. கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் சொல்லுவது போல, இவானோவோவை ருஷ்யாவின் மான்செஸ்டர் என்பார்கள். ஆலைகளில் பெண்களே மிகுதியாக வேலை செய்ததால் மணப்பெண்களின் நகரம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. இந்த நகரத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் நடுவில் மறுபடியும் வருவோம்.

கட்டு அவிழ்ந்தது

1989 நவம்பர் 9-ந் தேதி பெர்லின் சுவர் திறந்தது. அடுத்த வருஷம் ஜனவரி முதல் தேதியன்று போலந்தின் நிதி மந்திரி லெஷெக் பால்ஸெரோவிச் தயாரித்த திட்டம் அமுலுக்கு வந்தது. பெரும்பாலான விலைகளின் மீது இருந்த கட்டுப்பாடு ஒரே நாளில் நீங்கிற்று. கடைகளில் சாமான் வந்தது, வரிசைகள் மறைந்தன. ஆனால் அந்த ஒரே வருஷத்தில் ஆலைகளின் உற்பத்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விழுந்தது. வேலையில்லாதவர் என்ற சொல்லே வழக்கில் இல்லாதிருந்த தேசத்தில், வருஷ முடிவில் பத்து லட்சம் பேருக்கு மேல் வேலையின்றி இருந்தார்கள்.

கிழக்கு ஜெர்மனிக்கு நேர்ந்தது இன்னும் திடீர் அடி. 1990 ஜூலை முதல் தேதி மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயம் அங்கும் செலாவணியாயிற்று. சம்பளங்களைப் பழைய மார்க் ஒன்றுக்குப் புது மார்க் ஒன்றாக மாற்றினார்கள். தொழிலாளிக்குச் சந்தோஷம், ஆனால் மறுநாளே அவர் செய்த சாமானின் அடக்க விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. பத்து வருஷம் தவம் கிடந்து வாங்கிய டிராபண்டை இப்போது தொடுவாரில்லை. 1991 ஏப்ரல் 30-ந் தேதி கடைசி வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தது.

ருஷ்யாவின் முறை 1992-ல் வந்தது. அதற்கு முன் 1991 அக்டோபரில் போரிஸ் யெல்ட்ஸின் ஜனங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அரை வருஷம் எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கும். பிறகு விலைகள் இறங்கும், 1992 இலையுதிர் காலத்துக்குள் நிலைமை சீராகும் என்பது அதன் சாரம். டிசம்பரில் ஸோவியத் யூனியனே கலைந்தது. 1992 ஜனவரி 2-ந் தேதி, யேகோர் கைதாரின் யோசனைப்படி, விலைகளை அவிழ்த்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் விலைவாசி 26 மடங்காயிற்று. ஆயுள் முழுதும் வேலை செய்து சேமிப்புப் பாங்கில் போட்டு வைத்த தொகை, முதுமைக்கு ஆகும் என்று நினைத்திருந்த தொகை, சில மாதச் சாப்பாட்டுக்குக் காணாமல் கரைந்தது. உற்பத்தி அவ்வருஷம் நூற்றுக்கு 14½ குறைந்தது. மறு வருஷம் ஏறக்குறைய 9. அதற்கு மறு வருஷம் ஏறக்குறைய 13. வாக்களித்த அரை வருஷம் ஏழு வருஷமாக நீண்டது.

நாலு காரணங்கள்

மேல் வகுப்பில் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. விலை சுதந்தரமாக இருந்தால் உற்பத்தி பெருகும் என்று பாடம் நடத்திய மறுநாளே, புத்தியுள்ள பையன் எழுந்து ருஷ்யாவைப் பற்றிக் கேட்டுவிடுவான். பாடம் பொய்யல்ல, பாடத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய ஒரு அத்தியாயம் விட்டுப் போயிருக்கிறது என்பதே அவனுக்குரிய பதில். அந்த அத்தியாயத்தில் நாலு பகுதிகள் உண்டு.

முதலாவது, பழைய உற்பத்தியில் ஒரு பாகம் யாருக்கும் வேண்டாத உற்பத்தி. ராணுவத்துக்குச் செய்த டாங்கிகள், வேறு வழி இல்லாததால் ஜனங்கள் வாங்கிய மோசமான சாமான்கள் இவையெல்லாம் கணக்குப் புஸ்தகத்தில் செல்வமாக ஏறியிருந்தன. உலக விலைப்படி பார்த்தால் சில ஆலைகளில் உள்ளே போன எண்ணெய்க்கும் இரும்புக்கும் இருந்த மதிப்பு, வெளியே வந்த சாமானுக்கு இல்லை! அத்தகைய ஆலை நின்றால் கணக்கில் நஷ்டம், உண்மையில் லாபம். ஆனால் அதில் வேலை செய்தவனுக்கு இந்தத் தத்துவம் சோறு போடாது.

இரண்டாவது, தேசங்களுக்கிடையே இருந்த வியாபாரம் அறுந்தது. கம்யூனிஸ்ட் தேசங்கள் கோமிகான் என்ற சங்கத்தின் மூலமாகத் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்துவந்தன. 1991 ஜனவரி முதல் டாலர் போன்ற நாணயத்தில் ரொக்கமாகத் தர வேண்டும் என்று ஏற்பட்டது. அவ்வருஷ மத்தியில் சங்கமே கலைந்தது. ஹங்கேரியின் இகாருஸ் ஆலை வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் பஸ்கள் செய்து, பெரும் பாகத்தை ஸோவியத் யூனியனுக்கு அனுப்பி வந்தது. வாங்குகிறவரிடம் டாலர் இல்லாமற் போகவே ஆலை சுருங்கிற்று. கம்யூனிஸமே இல்லாத பின்லாந்துக்குக் கூட ருஷ்ய வியாபாரம் முறிந்ததில் பலத்த அடி. அங்கே பாங்குகளின் தொல்லையும் சேர்ந்து 1991 முதல் மூன்று வருஷம் உற்பத்தி சரிந்தது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. பொருளாதார அறிஞர்கள் ஒலிவியே பிளான்ஷார், மைக்கேல் கிரீமர் இருவரும் 1997-ல் இதை விளக்கி எழுதினார்கள். ஒரு சாமான் பத்துக் கைகள் மாறித் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு பத்துக் கைகளையும் கட்டளை என்ற ஒரே கயிறு பிணைத்திருந்தது. கயிறு அறுந்ததும், ஒவ்வொருவரும் வேறு இடத்தில் இரண்டு காசு அதிகம் கிடைக்குமா என்று பார்க்கலாம். பத்துப் பேரில் ஒருவர் போய்விட்டால் மற்ற ஒன்பது பேரின் உழைப்பும் வீண்.

இவானோவோவுக்கு வருவோம். உஸ்பெகிஸ்தானம் தனித் தேசமாயிற்று. தன் பருத்தியை ருஷ்ய ரூபிளுக்குக் கொடுப்பானேன், உலகச் சந்தையில் டாலருக்கு விற்கலாமே என்று எண்ணியது. அப்படி எண்ணியதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இவானோவோவின் நூற்பு ஆலைக்குப் பஞ்சு இல்லை. நூற்பு ஆலை நின்றதால் நெசவு ஆலைக்கு நூல் இல்லை. எஞ்சியிருந்த சந்தைக்கும் வெளிநாட்டு மலிவுத் துணி வந்துவிட்டது. தறி கெட்டுப் போகவில்லை. நெய்கிறவளுக்குக் கை மறந்துவிடவில்லை. இரண்டையும் இணைத்த இழைதான் அறுந்தது. ருஷ்யாவில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகக் கொடுமையாக இருந்த ஜில்லாக்களில் அதுவும் ஒன்றாயிற்று.

நாலாவது காரணம் பணமும் சட்டமும். சந்தை என்பது கடையைத் திறந்துவிட்டால் தானே வந்துவிடுகிற சமாச்சாரம் அல்ல. கடன் கொடுக்கத் தெரிந்த பாங்கு வேண்டும். வாக்குத் தவறினவனைக் கூண்டில் ஏற்றும் கோர்ட்டு வேண்டும். இது என் சொத்து, நாளைக்கும் என்னுடையதாகவே இருக்கும் என்ற நிச்சயம் வேண்டும். நம்முடைய ஊர்ச் சந்தையில் கூட எடைக்கல் சரியானது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது. ருஷ்யாவில் இவை ஒன்றும் இல்லாதபோதே சர்க்கார் ஆலைகளைத் தனியாருக்கு மாற்றினார்கள். 1992-ல் குடிகள் ஒவ்வொருவருக்கும் பதினாயிரம் ரூபிள் முகமதிப்புள்ள ஒரு சீட்டுக் கொடுத்து, ஆலைகளில் பங்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். விலைவாசி ஏறிய வேகத்தில் அந்தச் சீட்டைப் பலர் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டார்கள். 1995-ல் சர்க்காருக்குக் கடன் கொடுத்த சில பாங்குக்காரர்களின் கைக்குப் பெரிய எண்ணெய், உலோகக் கம்பெனிகள் மலிவாகப் போய்ச் சேர்ந்தன.

பணப் புழக்கம் வற்றியது. 1998-ல் ஆலைகளின் விற்பனையில் ஏறக்குறையப் பாதி, ரொக்கம் இன்றிப் பண்டமாற்றாக நடந்தது. கண்ணாடிச் சாமானுக்குப் பெயர் போன குஸ்-குருஸ்தால்னி என்னும் ஊரில் தொழிலாளிகளுக்குச் சம்பளமாகக் கண்ணாடிக் கிண்ணங்களையே கொடுத்தார்கள். அவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று விற்றார்கள். அதே வருஷக் கோடையில், சம்பள பாக்கியைக் கேட்டு வந்த சுரங்கத் தொழிலாளிகள் மாஸ்கோவில் தலைக் கவசத்தைத் தரையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டு 17-ந் தேதி சர்க்காரே தன் கடனைத் தீர்க்க முடியாது என்று கை விரித்துவிட்டது.

கணக்கு மெய்தானா?

புள்ளிவிவரத்தில் காணும் வீழ்ச்சி அவ்வளவும் மெய்யல்ல என்று சொல்லுவோரும் உண்டு. அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பழைய காலத்து மானேஜர்கள் திட்டத்தை நிறைவேற்றியதாகக் காட்டுவதற்குத் தொகையைக் கூட்டி எழுதினார்கள். புதிய காலத்து வியாபாரிகள் வரிக்குப் பயந்து குறைத்து எழுதினார்கள். வரிசையில் நின்று வீணான நேரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆகவே வரிசை ஒழிந்த லாபமும் கணக்கில் வரவில்லை. மின்சாரத்தை வைத்துப் பார்த்தவர்கள், ருஷ்யாவில் 1990 முதல் 1998 வரை அதன் உற்பத்தி நாலில் ஒரு பங்குக்குள்ளாகவே குறைந்ததை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆகையால் தொழிலின் உண்மையான வீழ்ச்சி சர்க்கார் கணக்கைவிடக் குறைவு என்பது அவர்கள் வாதம்.

ஆனால் பொய் எழுத முடியாத கணக்கு ஒன்று உண்டு. அது மரணப் பதிவு. 1987-ல் ருஷ்ய ஆண் பிள்ளையின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 65 வயது. 1994-ல் அது 58-க்கும் கீழே இறங்கிற்று. 1991-ல் சுமார் 17 லட்சம் பேர் இறந்த தேசத்தில் 1994-ல் 23 லட்சம் பேர் இறந்தார்கள். 1985-ல் தொடங்கிய மதுக் கட்டுப்பாடு தளர்ந்து போனதும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. குடி, மாரடைப்பு, தற்கொலை, கொலை ஆகியவையே அதிகப்படியான மரணங்களில் பெரும் பாகத்துக்குக் காரணம். மாண்டவர்களில் மிகுதியானோர் குடும்பத்தைத் தாங்கும் நடு வயது ஆண்கள். வேலையும் சேமிப்பும் போய், நேற்று வரை அறிந்திருந்த உலகமும் போனபின் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? சதவிகிதம் என்று நாம் எழுதும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது.

தப்பியவர்கள்

எல்லாத் தேசங்களும் ஒரே விதமாக விழவில்லை. போலந்து இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்தது. 1992-லேயே எழுந்து நடக்கத் தொடங்கிற்று. அங்கே நிலம் பெரும்பாலும் குடியானவர்களிடமே இருந்தது; சிறு வியாபாரம் அடியோடு அழிந்திருக்கவில்லை; ஐரோப்பியச் சந்தையும் பக்கத்தில் இருந்தது. உக்ரேன் மெதுவாகப் போவதாகச் சொல்லி, நஷ்ட ஆலைகளுக்கு நோட்டடித்துக் கொடுத்தது. 1993-ல் அங்கே விலைவாசி நூறு மடங்கு ஏறியது. உற்பத்தியின் சரிவோ பத்து வருஷம் நிற்கவில்லை. 1990-ல் இவ்விரண்டு தேசங்களிலும் ஆள் ஒன்றுக்கு வருமானம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது. முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால் போலந்துக்காரரின் வருமானம் உக்ரேனியரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

சீனாவோ விழவே இல்லை. 1978 முதல் அங்கே முதலில் விவசாயிகளுக்குத் தங்கள் விளைச்சலில் சுவாதீனம் கொடுத்தார்கள். தானிய உற்பத்தி அவ்வருஷத்தில் சுமார் 30 கோடி டன். 1984-ல் 40 கோடி டன்னைத் தாண்டிற்று. ஆலைகளிடம், பழைய திட்டத் தொகையைப் பழைய விலைக்குக் கொடுங்கள், மிச்சம் செய்வதைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். பழைய கயிற்றை அறுக்காமலே பக்கத்தில் புதுக் கயிறு திரித்துக்கொண்டார்கள். ஆனால் ருஷ்யாவும் இதையே செய்திருக்கலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. சீனாவில் பத்துப் பேரில் ஏழு பேர் உழவர்கள். ருஷ்யாவிலோ பெரும்பாலோர் பட்டணத்து ஆலைக்காரர்கள். மேலும் சீன சர்க்காரின் பிடி தளரவில்லை. ருஷ்யாவிலே சர்க்காரே கலைந்து போயிற்று. எதிர்க்குரல் எழுப்பச் சீனக் குடிகளுக்குச் சுதந்தரம் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நமக்கு வந்த அலை

இந்த வீழ்ச்சியின் அலை நம் கரையிலும் மோதிற்று. இந்தியாவும் ஸோவியத் யூனியனும் ரூபாய்க் கணக்கிலேயே வியாபாரம் செய்து வந்தன. 1990-91-ல் நம் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அங்கே போயிற்று. இரண்டே வருஷத்தில் அது சிறு பின்னமாகச் சுருங்கிற்று. தேயிலையின் முதன்மையான வாடிக்கைக்காரர் ஸோவியத் யூனியன்; நீலகிரித் தேயிலையும் அச்சந்தையை நம்பியிருந்தது. 1991-ல் நம் தேசம் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியபோது, இந்த வியாபாரம் முறிந்ததும் அந்தப் பாரத்தில் ஒரு பங்காயிற்று. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, சொற்ப விலைக்கு நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த கதைப் புஸ்தகங்களும் விஞ்ஞானப் புஸ்தகங்களும் அத்துடன் நின்றுபோயின. குழந்தைகள் அவற்றின் படங்களை மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அவர்களே பெற்றோர்களாகியிருப்பார்கள்.

ருஷ்யா 1999-ல் எழத் தொடங்கிற்று. ரூபிள் மலிந்ததால் உள்நாட்டுச் சரக்குக்குக் கிராக்கி வந்தது. எண்ணெய் விலையும் ஏறிற்று. 1990-ன் நிலையை மறுபடி எட்டுவதற்கு 2007-ம் வருஷ வாக்கில்தான் முடிந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் வேலை செய்யும் வயது கழிந்துவிட்டது.

பழைய முறையே நல்லது என்பதற்கு இது சாட்சியாகாது. அது உள்ளேயே உளுத்திருந்தது. விழும் காலமும் வந்துவிட்டது. சுதந்தரமான சந்தை தீயது என்பதற்கும் சாட்சியாகாது. போலந்து அதனால் வாழ்ந்தது. ஒரு தேசத்தின் செல்வம் ஆலைக் கட்டடத்திலும் யந்திரத்திலும் மட்டும் இல்லை. ஒருவரையொருவர் அறியாத லட்சம் பேர் ஒருவர் வாக்கை ஒருவர் நம்பிச் சாமானும் பணமும் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டிலும் இருக்கிறது. அந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே உத்தரவில் அதை அறுத்துவிடலாம். ஒரே உத்தரவில் முடிந்துவிட முடியாது. தேசத்தின் அமைப்பை மாற்றப் புறப்படும் எந்த மந்திரியும், மாறிக் கொண்டிருக்கும் அந்த நடுக் காலத்தில் கூலிக்காரன் வீட்டு அடுப்பு எதைக் கொண்டு எரியும் என்ற கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிட்டுப் பிறகு பேனாவை எடுத்து உத்தரவில் கையெழுத்திட வேண்டும்.